ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்

அந்தப் பேச்சு காந்தாவுக்கு முதலிலிருந்து கடைசி வரை அப்படியே நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில், பெயர் பதிகிற மேஜைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் மாதத்துக் காலை. பனி இன்னும் வேலியை விட்டு நகரவில்லை.

"நர்ஸம்மா, தண்ணி ஆறிப்போச்சு. வந்து தொட்டு வெச்சிட்டுப் போங்க" என்று சந்திரம்மாதான் ஆரம்பித்தாள். ஒரு கையில் பித்தளை டம்ளர். இன்னொரு கையில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய பேரன். பிறந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

சம்பூர்ணம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேற யாரையாவது வைக்கச் சொல்லு."

"வேற யாரு? நல்லாருக்குதே கதை! இவ முழுகாம இருக்கறான்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டேன், டிரஸ்ட் ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்கணும், நர்ஸம்மா கையாலதான் தண்ணி வைக்கணும்னு. இல்லாட்டி வூட்டுலயே பெத்துப் போட்டிருக்கலாமே."

"இப்ப நான் வைக்கிறதில்ல."

"எப்பலேர்ந்து? போன வெள்ளிக்கெழம எங்க எதிர்வூட்டு சரசு புள்ளைக்கு வெச்சீங்க. அந்தப் புள்ள இன்னும் ஒரு அழுகை அழுவல. பூனைக்குட்டியாட்டம் படுத்துங்கெடக்குது."

"அது வேற நாளு."

"இன்னிக்கு நாளுக்கு என்னா கேடு? அமாவாசையா, அஷ்டமியா?" சந்திரம்மா குரலைத் தாழ்த்தினாள். "எம் மருமவ பாஞ்சாலி ஏதாச்சும் ஏசிட்டாளா? சொல்லுங்க. வலியில வாய்க்கு வந்ததப் பேசியிருப்பா. கழுதைக்கு வாய் நீளம். அவளுக்காவ நான் மன்னிப்புக் கேக்கறேன், போதுமா?"

"அவ ஒண்ணும் சொல்லல."

"பின்ன என்னா?"

"என்னை விட்டுடு, சந்திரம்மா. புள்ள பசியோட இருக்குது. நீயே தொட்டு வெச்சுட்டு, மார்ல போடச் சொல்லு."

"நானா?" சந்திரம்மா சிரித்துவிட்டாள். "என் கொணம் வந்துச்சுன்னா இவனை நாளைக்கு எவன் வேலைக்கு வெச்சுக்குவான்? கட்டுன புருஷனே என்னை வெச்சுக்க முடியாம ஓடிப்போனான்."

வராந்தாவில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடச் சொன்னால் ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

"என்னால முடியாது."

சந்திரம்மாவின் சிரிப்பு நின்றது. "புள்ளகிட்ட என்னா கண்டீங்க, நர்ஸம்மா? மறைக்காம சொல்லிடுங்க. மூச்சுல கோளாறா? ஆயுசுல கோளாறா?"

"புள்ள நல்லாருக்குது."

"நல்லாருக்கிற புள்ளைக்கு வைக்கறதுக்கு என்னா?"

சம்பூர்ணம் திரும்பி நடந்தாள். படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தன் குவார்ட்டர்ஸுக்குள் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

சந்திரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். "சரி. அந்தம்மா வந்து வைக்கிற வரைக்கும் இவன் வாயில ஒரு சொட்டு போவாது" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பெங்களூர் காக்ஸ் டவுனை ஒட்டி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் ராணுவ அதிகாரி குடியிருந்த பங்களா. மரமண்டி வைத்துப் பணம் சேர்த்த ஒரு குடும்பம் அதை வாங்கி, டிரஸ்ட் ஏற்படுத்தி, ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்க விட்டிருந்தது. பட்டாளத்து டிப்போவில் மூட்டை தூக்குகிறவர்கள், பங்களாக்களில் சமையல் செய்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள் என்று சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் அங்கேதான் வந்தன. லேடி டாக்டர் வாரத்தில் சில நாள் வந்து போவார். மற்றபடி அங்கே டாக்டரும் நர்ஸும் எல்லாமும் மிட்வைஃப் சம்பூர்ணம்தான்.

பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு முன்னால் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது அந்தக் குடும்பங்களில் வழக்கம். விரல் நுனியில் தொட்டு நாக்கில் ஒரு சொட்டு. யார் விரலோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் அந்த ஒரு சொட்டுக்காகச் சண்டையே நடக்கும். சிக்கனக்கார மாமனைக் கூப்பிடுவதா, தைரியக்கார அத்தையைக் கூப்பிடுவதா என்று வளைகாப்பன்றே பேச்சு ஆரம்பித்துவிடும். பிற்பாடு பிள்ளை அடம் பிடித்தால், "உனக்கு எவ வெச்சா தண்ணி?" என்றுதான் திட்டுவார்கள்.

சம்பூர்ணம் வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. எல்லோரும் அவளையே கேட்டார்கள். அவள் பொறுமை அப்படிப்பட்டது. பிரசவ அறையில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வலியில் தலைமயிரைப் பிடித்து இழுத்தவளிடம்கூட, "இழு, இழு, எண்ணெய் வெச்ச முடிதான், வராது" என்பாள். பேறு முடிந்ததும் வெளியே டம்ளர் காத்திருக்கும். விரலை நனைத்து, பிள்ளையின் உதட்டைத் தொட்டு, "சமத்தா இரு" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். அதோடு அந்தக் குடும்பத்துக்குப் பாதி கவலை விட்டது.

கூட வேலை பார்த்த மௌரீன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் ஆங்கிலோ-இந்தியப் பெண். சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகத் திட்டுவாள். "சம்பு, இன்னும் இருபது வருஷம் போவட்டும், மேன். இந்த ஏரியா ஃபுல்லா உன் மூஞ்சிய வெச்சிக்கினு நடக்கப் போறாங்க. சண்டை போடறதுக்குக்கூட ஆள் கிடைக்காது."

"நீயும் ஒரு ரெண்டு புள்ளைக்கு வையேன், மௌரீன். சண்டைக்கு ஆள் ஆவும்."

"ஐயய்யோ, என்னை விடு. டர்ட்டி ஹேபிட்."

காந்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இரண்டு பேரின் சிரிப்பும் வராந்தாவில் எந்நேரமும் கேட்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வந்தவள் அவள். வீட்டில் தமிழ், கான்வென்ட்டில் இங்கிலீஷ் என்று படித்திருந்தாள். இரண்டிலும் அதிகம் பேசமாட்டாள். யாராவது இரண்டு மூன்று முறை கூப்பிட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பாள். "இந்தப் பொண்ணுக்கு ஏதோ கல்லுப் பிள்ளையாரு தண்ணி வெச்சிருக்காரு" என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். சம்பூர்ணம் மட்டும் அவளைப் பேசச் சொல்லி வற்புறுத்தியதில்லை. மத்தியானத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவார்கள்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் சம்பூர்ணம் தன் பிறப்பைப் பற்றிச் சொன்னாள். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்தவள் அவள். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். அவள் பிறந்த அன்று பூமிக்கடியில் பாறை வெடித்தது. லைன் வீடுகளின் சட்டி பானை எல்லாம் குலுங்க, அபாயச் சங்கு ஊதியது. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவளின் புருஷனும் கீழேதான் இருந்தான். கொடியை அறுத்துத் துணியில் சுற்றிப் போட்டுவிட்டு அவளும் சுரங்க வாசலுக்கு ஓடினாள். லைனில் ஒரு பெண்பிள்ளைகூட மிச்சமில்லை. "சக்கரத் தண்ணியாவது, ஒண்ணாவது. எங்கம்மாவே எழுந்து உக்காந்து மார்ல போட்டுக்கிச்சாம். எனக்கு யாரும் வைக்கல, காந்தா. அதனாலதான் நான் யாரு மாதிரியும் இல்ல" என்று சிரித்தாள். பதினாறு வயதில் கல்யாணம், அடுத்த வருஷமே தாலி அறுத்தது, தங்கவயலில் இருந்த மிஷன் நர்ஸ் ஒருத்தி அவளைப் பெங்களூருக்குப் படிக்க அனுப்பியது எல்லாவற்றையும் அதே சிரிப்போடு, மோர் சாதத்துக்கு நடுவே சொல்லி முடித்துவிட்டாள்.

பிறகு மௌரீன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். அந்த வருஷங்களில் ஆங்கிலோ-இந்தியர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதில் ஆள் போடுவதாக டிரஸ்ட் சொன்னது. மழைக்காலம் போய், பனிக்காலம் போய், மறுபடி மழைக்காலம் வந்தது. ஆள் வரவில்லை.

குவார்ட்டர்ஸ் ஜன்னல் தெருப் பக்கம் பார்த்தது. அதுதான் வினை. எந்த நேரமானாலும் யாராவது வந்து ஜன்னல் கம்பியில் தட்டுவார்கள். வலி கண்டவளோடு வருகிறவர்கள் ஒரு பக்கம். பிள்ளைக்கு மாந்தம், மருமகளுக்குப் பால் கட்டிக்கொண்டது என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். பிரசவம் வீட்டிலேயே முடிந்துவிட்டது, தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்று டம்ளரோடு வருகிறவர்களும் உண்டு. சம்பூர்ணம் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மாறுதலை முதலில் கவனித்தது காந்தாதான். பேசாதவர்கள் கண்ணுக்கு இதெல்லாம் சீக்கிரம் படும். சம்பூர்ணத்தின் டிபன் கேரியர் திறக்காமலே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியது. வெளியே காய்காரன் கூவினால் அவள் தோள் தூக்கிப்போட்டது. கை தானாகத் துண்டைத் தேடியது. முன்பெல்லாம் தொட்டில் பக்கமே போகாமல், "அது பசி", "அது ஈரம்", "அது சும்மா, கூட்டத்தைப் பார்த்து" என்று அழுகையைப் பிரித்துச் சொல்லுவாள். ஒருநாள் மேஜைக்கு வந்து, "காந்தா, எல்லாம் ஒரே சத்தமா கேக்குது. மில்லு சங்கு ஊதற மாதிரி. காதுல விழுவுது, உள்ள போவல" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே புரியாதவள் போல நின்றாள்.

லீவு கேட்டாள். காந்தாதான் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். டிரஸ்ட் காரியதரிசி நல்ல மனுஷர். நேரிலேயே வந்தார். "உங்களைப் போல ஒருத்தர் சோர்ந்து போனேன்னு சொன்னா நான் நம்பறதுக்கில்லேம்மா. உங்களுக்குச் சோர்வே கிடையாதுன்னு ஊரே சொல்லுது" என்றார். லேடி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். ஆண்டு விழாவில் சந்தன மாலை போட்டார்கள். சலிப்பறியாத தாய் என்று ஒருவர் கவிதை படித்தார். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேடையில் சம்பூர்ணம் உட்கார்ந்திருந்ததைக் காந்தா பார்த்தாள். கூட்டம் கைதட்டியபோது அவள் உதடு அசைந்தது. நன்றி சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். முன் வரிசையில் இருந்த காந்தாவுக்குத்தான் அது கேட்டது. "போதும், போதும், போதும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருவில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "நர்ஸம்மாவுக்குக் கொஞ்சம் பேஜார்" என்பார்கள். பஸ் தாமதமானால் பேஜார், மழை விடாவிட்டால் பேஜார். அதே சொல்தான் இதற்கும். அந்தச் சொல் இதற்குப் போதாது என்று காந்தா நினைத்தாள். ஆனால் படித்த இரண்டு பாஷையிலும் தேடி, அவளுக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

பாஞ்சாலியின் பிரசவத்தன்று ஆயா வரவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு காந்தாதான் பிரசவ அறைக்குப் போனாள். தலைப்பிரசவம். சின்னப் பெண், பயத்தில் சம்பூர்ணத்தின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்து முடித்ததும் பாஞ்சாலியின் கன்னத்தில் அறைந்தாள்.

பிரசவ அறைகளில் அடி விழாமல் இல்லை. வேறு ஆஸ்பத்திரிகளில் தொடையில் போட்டு முக்கச் சொல்லுவார்கள் என்று காந்தா கேள்விப்பட்டிருக்கிறாள். அது வேலையோடு விழுகிற அடி. இது அப்படி இல்லை. அடித்த பிறகு சம்பூர்ணத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நாள் முழுக்க நின்றவள் உட்கார இடம் கிடைத்ததும் அடைகிற நிம்மதி. அது ஒரு கணம்தான். மறுகணம் அவள் வாசலில் காந்தாவைக் கண்டாள். காந்தா பார்த்துவிட்டாள் என்பதையும் கண்டாள். வெந்நீரை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்து, பிள்ளையை வெளியே எடுத்து, துடைத்து, சந்திரம்மா கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

சந்திரம்மா டம்ளரோடு வந்தது அப்போதுதான்.

வெயில் ஏறிய பிறகும் குவார்ட்டர்ஸ் கதவு திறக்கவில்லை. வார்டுக்குள், சந்திரம்மா மடியில் பிள்ளை அழுதது. பாஞ்சாலி கட்டிலிலிருந்து, "குடுங்க அத்தே, எனக்கு நெஞ்செல்லாம் வலிக்குது, குடுங்க" என்று கையை நீட்டினாள். சந்திரம்மா நகரவில்லை. பிள்ளை மேல் அவளுக்கும் உயிர்தான். ஆனால் நர்ஸம்மா வைக்க மறுத்த பிள்ளை என்று ஏற்கெனவே வராந்தாவில் முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ கண்டிருக்கிறாள், இல்லாவிட்டால் மறுப்பாளா என்றார்கள். அடுத்த கட்டில்காரி தன் பிள்ளையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதைச் சந்திரம்மா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. நர்ஸம்மா கையால் ஒரு சொட்டு விழாமல் பிள்ளையை அந்தத் தெருவுக்கு எடுத்துப் போனால், அவன் ஆயுள் முழுக்க அந்தப் பேச்சைச் சுமப்பான்.

காந்தா எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். "பால் குடுக்கச் சொல்லுங்க. பிள்ளைக்குப் பசி" என்றாள். அவளுக்கு அதுவே நீண்ட பேச்சு.

"அட, கல்லுப் பிள்ளையாரு வாயத் தொறந்துடுச்சு!" என்றாள் சந்திரம்மா. "நீ போயி உன் அக்காவ வெளிய கூட்டியா. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு."

லேடி டாக்டர் வருகிற நாள் அல்ல அது. காரியதரிசி வீட்டுக்கு ஆள் அனுப்பினால், அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல் அழுகை மெலிந்தது. பிறகு நின்றது.

காந்தா முற்றத்தைக் கடந்து போய்க் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாள். கூப்பிடவில்லை. தட்டிவிட்டு நின்றாள். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு, காந்தாவா? நீ தட்டினா ஒரு தடவதான் தட்டுவே."

கதவு திறந்தது. சம்பூர்ணம் ஜன்னலை மூடி, கம்பியில் போர்வையைக் கட்டி வைத்திருந்தாள். அந்த இருட்டில் தரையில் உட்கார்ந்து, வலது கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தே இல்ல?"

காந்தா தலையசைத்தாள்.

"அடிச்சதுக்குக்கூட நான் அழுவல. அடிச்சப்ப எனக்கு நல்லா இருந்துச்சு, காந்தா. அதுதான். ரொம்ப நாளு கழிச்சு என் உடம்புல ஏதோ ஒண்ணு நல்லா இருந்துச்சு. அத வெச்சிக்கினு நான் எப்படி இந்த விரல அந்தப் புள்ள வாயில வைப்பேன்? போன வெள்ளிக்கெழம சரசு புள்ளைக்கு வெச்சேனே, அழுவவே மாட்டேங்குதுன்னு பெருமையா சொல்லுது சந்திரம்மா. அது சமத்தா? இல்ல, அதுக்கும் என்னாட்டம் உள்ள ஒண்ணுமே இல்லியா? யாருக்குத் தெரியும்? எத்தினி புள்ளைக்கு இத வெச்சேனோ." கையைக் கவிழ்த்துத் தரையில் தேய்த்தாள். "எல்லாரும் வந்து வந்து கையேந்தினாங்க. குடுத்துக்கினே இருந்தேன். உள்ள தீந்துபோனது எனக்கே தெரியல."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று காந்தாவுக்குத் தெரிந்தது. டிரஸ்ட்காரர்கள் சொன்னதெல்லாம் ஆறுதல்தான். அதனால் அவள் அதை விட்டுவிட்டாள். வந்த விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"பிள்ளை அழறதை நிறுத்திடுச்சு, அக்கா."

சம்பூர்ணம் எழுந்துவிட்டாள். மனசு எழுந்ததோ இல்லையோ, உடம்பு எழுந்தது. செருப்புக்கூடப் போடாமல் முற்றத்தைக் கடந்து ஓடினாள்.

பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். பிள்ளை லேசாக முனகியது. "மார்ல போடு, பாஞ்சாலி. இப்பவே."

"மொதல்ல நீங்க வைங்க" என்று சந்திரம்மா டம்ளரை நீட்டினாள். "வெச்சுட்டா நான் ஏன் தடுக்கறேன்?"

"சந்திரம்மா, கேட்டுக்க. உன் மருமவளை நான் அடிச்சேன். கன்னத்துல. வேலைக்காவ அடிக்கல. ஆத்திரத்துல அடிச்சேன். அந்தக் கையால வைக்கச் சொல்றியா?"

வார்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. சந்திரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் முழுக்க மலர்ந்தது. "அட தெய்வமே! இதுக்கா? இதுக்கா என் ஈரக்கொலைய நடுங்க வெச்சீங்க? அவ கத்தின கத்துக்கு நானா இருந்தா ரெண்டு போட்டிருப்பேன். ஏண்டி, நர்ஸம்மா ஒண்ணு போட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினியா? அடிச்ச கைதானே புள்ளயையும் எடுத்துக் குடுத்துச்சு! வைங்கம்மா, வைங்க."

சுற்றிலும் நிம்மதிச் சிரிப்பு எழுந்தது. பிள்ளையிடம் ஒரு கோளாறும் இல்லை, வெறும் அறைதான். அடுத்த கட்டில்காரிகூடத் தன் பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சம்பூர்ணம் அந்த முகங்களை எல்லாம் பார்த்தாள். அவள் சொன்னதில் எதுவும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறவளுக்கு மேலே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது.

டம்ளரில் விரலை நனைத்தாள். பிள்ளையின் உதடு வரைக்கும் விரல் போனது. அங்கே நின்றது. சொட்டு திரண்டு பிள்ளையின் தாடையில் விழுந்து கழுத்துக்கு ஓடியது. மறுபடி நனைத்தாள். மறுபடியும் விரல் அங்கேயே நின்றது. பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது.

"குடுங்க இப்படி" என்றாள் பாஞ்சாலி. மாமியாரின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள்.

"ஏய், பெத்தவ வைக்கக் கூடாதுடி!"

"ஏன், என் கொணத்துக்கு என்னா? அவங்க அறைஞ்சாங்க, நான் அவங்க கையக் கடிச்சேன். யாரும் பாக்கலியா, அத?" விரலைத் தண்ணீரில் முக்கிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். "இருக்கட்டும், என்னாட்டமே. எவன் அடிச்சாலும் திருப்பிக் குடுப்பான்." பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். சந்திரம்மா வாயடைத்து நின்றதை அந்தத் தெரு முதன்முதலாகப் பார்த்தது.

பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுத்தான் சம்பூர்ணம் எழுந்து வெளியே போனாள். அவள் மணிக்கட்டில் பல் பதிந்த அடையாளம் இருந்ததைக் காந்தா அப்போதுதான் கவனித்தாள்.

அந்த வாரமே சம்பூர்ணம் தங்கவயலுக்கு, அண்ணன் வீட்டுக்கு ரயிலேறினாள். லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று மட்டும் சொன்னாள். டிரஸ்ட் ஆள் தேடியது. ஒற்றை ஆளாக அந்த வேலைக்கு வர ஒருத்தியும் சம்மதிக்காததால் கடைசியில் இரண்டு பேரைப் போட்டார்கள். ஒருத்தி பிரிஜெட், இன்னொருத்தி யசோதா. மௌரீன் போனபோதே செய்திருக்கக்கூடிய காரியம். மழைக்காலம் முடிந்து சம்பூர்ணம் திரும்பி வந்தாள். குவார்ட்டர்ஸில் தங்க மாட்டேன் என்றாள். காக்ஸ் டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில் அறை எடுத்துக்கொண்டாள். தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்து எடுத்தாள். பகல் வேலை மட்டும் பார்த்தாள். முன்னைப் போல ஆகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சில நாள் பிரசவ அறையிலிருந்து நடுவில் வெளியே வந்து, யசோதாவை உள்ளே அனுப்பிவிட்டு, முற்றத்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். சர்க்கரைத் தண்ணீர் அதற்குப் பிறகு யாருக்கும் அவள் வைக்கவில்லை. டம்ளரை நீட்டினால், "உன் வூட்டுல நல்லவங்களே இல்லியா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதில் பலருக்குக் கோபம்தான். பாஞ்சாலியின் மகன் நடக்க ஆரம்பித்ததும் தெருவில் ஒரு ஜன்னல் கண்ணாடி மிஞ்சவில்லை. சந்திரம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "பெத்தவ வெச்ச தண்ணி, நான் என்னா பண்ண?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் காந்தா சம்பூர்ணத்தை நினைக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. பிள்ளை பால் குடித்த அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். கட்டிலடியில் மறந்து கிடந்த டம்ளரைக் கழுவுவதற்காக அவள் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபோது, குவார்ட்டர்ஸ் வாசற்படியில் சம்பூர்ணம் உட்கார்ந்திருந்தாள். ரயில் ஒன்று போய் முடிந்தது.

"அதுல மிச்சம் இருக்குதா?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

காந்தா எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கு, அக்கா."

"கொட்டிடாத." பக்கத்தில் உட்காரும்படி படியைக் காட்டினாள். "கேலி பண்ணாம கேளு. உன்னைக் கல்லுப் பிள்ளையாருன்றாங்களே. எவ்ளோ பேரு எவ்ளோ கூப்ட்டாலும் உன் பாட்டுக்கு உக்காந்திருப்பே. உனக்கா தோணினாதான் எழுந்துப்பே. எனக்கு அது வேணும். கூப்ட்ட ஒடனே ஓடாம இருக்கிற அந்த ஒண்ணு வேணும். நான் பொறந்தன்னிக்கு எல்லாரும் ஓடிப்போயிட்டாங்க, எனக்கு யாரும் வைக்கல. இந்த வயசுல வெச்சா ஏறுமோ ஏறாதோ." கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையைப் போலவே முகத்தை நிமிர்த்தினாள். "ஒரு சொட்டு தொட்டு வை, காந்தா."